பிள்ளைகளுக்கான மீடியா சட்ட வகுப்பு: ஒரு ஃபிளெக்ஸ் கடைக்காரனின் ரிவியூ

முதலில் கணக்கு. அதைச் சொல்லாமல் ஒரு வரிகூட எழுதக்கூடாது என்று மகள் உத்தரவு. நான்கு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து முதல் ஒரு மணி வரை, பிள்ளைக்கு 2,200 ரூபாய். இரண்டு பிள்ளைகளுக்கும் முழுத் தொகையும் என் கைக்காசு, தள்ளுபடி கிடையாது, எழுதச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் வகுப்பு எடுக்கும் இருவரில் ஒருவர் போன வருடம் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு என் கடையில்தான் பத்திரிகை அடித்தார். அதையும் போட வேண்டுமாம். போட்டாயிற்று. வகுப்பின் பெயரைப் போடவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது, அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

எனக்கு மதுரையில் ஃபிளெக்ஸ், பத்திரிகை, விசிட்டிங் கார்டு அடிக்கும் கடை. பெரியவள் பத்தாவது போகிறாள், சின்னவன் ஏழாவது. இந்த வகுப்பில் சேர்த்ததற்குக் காரணம் ஒரு மீம். பிப்ரவரி மாதம் பள்ளியில் ஒரு டீச்சர் ஸ்டாஃப் ரூமில் கண்ணசந்திருந்ததை எவனோ ஜன்னல் வழியாக போட்டோ எடுத்து, கீழே ஒரு வடிவேலு வசனம் போட்டு குரூப்பில் விட்டிருக்கிறான். பதினோரு பிள்ளைகளின் பெற்றோரை வரச் சொன்னார்கள், அதில் நானும் ஒருவன். என் மகள் அதைச் செய்யவில்லை, நான்கு பேருக்கு ஃபார்வர்ட் செய்திருந்தாள், அவ்வளவுதான். ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் நின்றுகொண்டு “ஃபார்வர்ட்தானே மேடம்” என்று நானே சொன்னேன். அந்த டீச்சர் அப்போது அதே அறையில், பீரோ பக்கம் திரும்பி ஏதோ ஃபைலைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் திரும்பவே இல்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

சரி, வகுப்புக்கு வருவோம்.

இடம் ஒரு ட்யூஷன் சென்டரின் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. பதினைந்து பேர் உட்காரும் அறையில் இருபத்திரண்டு பிள்ளைகள், மே மாத வெயில், ஏசி சுவரில் இருக்கிறது, ஓடிப் பார்த்ததில்லை. பதினொன்றரைக்கு டீயும் சமோசாவும் வரும், சமோசா நன்றாகவே இருக்கும். பாடம் நடத்துகிறவர்கள் இருவர். ஒருவர் ஒரு தமிழ் நாளிதழில் முப்பது வருடம் சப் எடிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகளுக்கு அவர் சார். இன்னொருவர் ஹைகோர்ட் மதுரைக் கிளையில் வழக்கறிஞர், அவர் மேம். முதல் வாரமும் கடைசி வாரமும் பெற்றோர் பின்வரிசையில் உட்காரலாம். நடுவில் இரண்டு வாரம் நமக்கு அனுமதி இல்லை. அந்த ஏற்பாடு எனக்கு முதலில் பிடிக்கவில்லை, பிறகு ஏன் என்று புரிந்தது.

முதல் ஞாயிறு சார் எடுத்தவுடன் பாடம் நடத்தவில்லை. “போனை எடுங்க. கடைசியா ஸ்டேட்டஸ் வெச்சது, ஃபார்வர்ட் பண்ணது, பத்து எண்ணிக்கோங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, அதைச் செஞ்சது யாருன்னு எழுதுங்க” என்றார். பத்து நிமிடம் அறையில் சத்தமே இல்லை. என் மகளுக்குப் பத்தில் ஒன்றுதான் அவளுடையது, வைகைப் பாலத்திலிருந்து எடுத்த ஒரு சாயங்கால வானம். மற்ற ஒன்பதில் ஆறுக்கு யார் செய்தது என்றே தெரியவில்லை. சின்னவனுக்குப் போன் கிடையாது என்பதால் என் போனை வாங்கிக்கொண்டு போனான், அதுதான் வினை. “எங்கப்பா அனுப்புனது சார்” என்று ஆரம்பித்து, ரோஜாப்பூ குட்மார்னிங், ஒரு மூலிகை வைத்தியம், ஒரு பாரதியார் பொன்மொழி என்று பத்தையும் சத்தமாக வாசித்துவிட்டான். பொன்மொழியைக் கேட்டுவிட்டு சார் சிரித்தார். அது பாரதி எழுதியதே இல்லையாம். கீழே மீசையும் முண்டாசும் இருந்தால் நாம் நம்பிவிடுவோம் என்றார். பின்வரிசையில் நான் குனிந்துகொண்டேன்.

அதிலிருந்தே காப்பிரைட்டுக்குப் போனது நல்ல சாமர்த்தியம். பாரதியின் பாட்டை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், எப்படி? மேம் அதைக் கதையாகவே சொன்னார். பாரதி பாடல்களின் இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமை ஏவி.எம். மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது, 1949இல் சென்னை மாகாண அரசு உரிமைகளைத் தன் வசம் எடுத்துக்கொண்டு பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கியது, அப்படித்தான் நாட்டுடைமை என்ற வழக்கமே தமிழ்நாட்டில் வந்தது. மற்றபடி இந்தியாவில் ஒரு எழுத்தாளரின் எழுத்துக்கு அவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 வருடமும் உரிமை உண்டு. ஆனால் பாரதி பாட்டு பொது என்பதற்காக, அதைச் சினிமாவில் ஒருவர் மெட்டுப் போட்டு இன்னொருவர் பாடிய ரெக்கார்டிங்கை எடுத்து ரீல்ஸில் போட்டால் அது பொது ஆகாது. வார்த்தை ஒருவருடையது, மெட்டு ஒருவருடையது, குரல் ஒருவருடையது, பதிவு தயாரிப்பாளருடையது. இந்த இடத்தில் 2017இல் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பி.க்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போன கதையைச் சொன்னார் பாருங்கள், அறை இரண்டாகப் பிரிந்துவிட்டது. “அவரே பாடுன பாட்டை அவரே பாடக் கூடாதா?” என்று பாதிப் பேர், “மெட்டு போட்டவருக்குக் காசு வேணாமா?” என்று மீதிப் பேர். மேம் தீர்ப்புச் சொல்லவில்லை. 2012இல் சட்டத்தைத் திருத்தி பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி பங்கை உறுதி செய்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, “இன்னும் சண்டை நடக்குது, நீங்களும் நடத்துங்க” என்று விட்டுவிட்டார். அந்தக் கால் மணி நேரத்துக்கே 2,200 கொடுக்கலாம்.

அப்புறம் பிள்ளைகள் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்களைப் போர்டில் எழுதி அடித்தார்கள். கிரெடிட் கொடுத்தால் போதும் என்பது, முப்பது செகண்டுக்குள் இருந்தால் பாட்டு இலவசம் என்பது, காசு சம்பாதிக்காவிட்டால் தப்பில்லை என்பது. முப்பது செகண்ட் விதி என்று ஒன்று நம் சட்டத்தில் இல்லவே இல்லை. இருப்பது காப்பிரைட் சட்டத்தின் 52ஆவது பிரிவு, சொந்தப் படிப்புக்கு, விமர்சனத்துக்கு, நடப்புச் செய்திக்கு என்று நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. எது நியாயமான அளவு என்பதற்கு ஸ்கேல் கிடையாது. பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லை, அவர்களுக்கு செகண்ட் கணக்குதான் வேண்டும்.

நானும் ஒரு கேள்வி கேட்டேன், கடைக்காரன் கேள்வி. ஸ்டுடியோவில் காசு கொடுத்து எடுத்த கல்யாண போட்டோவை என் கடையில் பேனருக்குக் கொண்டுவந்தால் ஸ்டுடியோக்காரர் சண்டைக்கு வருகிறாரே, போட்டோ யாருடையது? போட்டோவைப் பொதுவாக எடுத்தவருக்குத்தான் உரிமை, ஆனால் ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாத வரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்றார் மேம். பதினேழு வருடமாக எத்தனை ஸ்டுடியோக்காரர்களிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன்! அன்று மத்தியானம் எனக்கு இரண்டு கவளம் கூடுதலாகவே இறங்கியது.

அந்தச் சந்தோஷம் திங்கட்கிழமை வரைக்கும்தான். மகள் கடைக்கு வந்தாள், டிசைன் போடும் பையனின் சிஸ்டத்தில் ‘கூகுள்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதைத் திறந்தாள். மயிலிறகு, விநாயகர், தாமரை, தலைவர்கள், நடிகர்கள், பட்டுப்பாவாடை கட்டிய ஏதோ ஒரு குழந்தை. “இதுல எதுப்பா நம்மளுது?” ஒன்றுமில்லை என்றேன். “அந்தக் குழந்தை யாரு?” தெரியாது என்றேன். எட்டு வருடமாக அந்தக் குழந்தை என் கடையிலிருந்து காதணி விழாப் பேனர்களில் போய்க்கொண்டிருக்கிறது, இந்நேரம் அது ஹைஸ்கூல் போயிருக்கும். இப்போது அந்த ஃபோல்டரையே அழித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தக் குழந்தையை எடுத்துவிட்டேன். விநாயகரை எங்கள் பையனே வரைந்துவிட்டான், நன்றாக வந்திருக்கிறார், தும்பிக்கை மட்டும் கொஞ்சம் ஒல்லி. நடிகர்கள் அப்படியே இருக்கிறார்கள். ரசிகர் மன்றக்காரர்களிடம் போய் நான் இதையெல்லாம் பேச முடியாது.

இரண்டாவது வாரம் அவதூறும் வதந்தியும். இதுதான் நான்கில் சுமார். மேம் கோர்ட் வேலையாக வெளியூர் போய்விட்டதால் சார் தனியாக நடத்தினார், அவர் நல்ல கதைசொல்லி, ஆனால் சட்டத்தில் குறுக்குக் கேள்வி கேட்டால் “அதை மேம் வந்ததும்” என்று தள்ளிவிடுகிறார். கையில் கொடுத்த ஜெராக்ஸில் அவதூறுக்கு இந்திய தண்டனைச் சட்டம் 499 என்றே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356 ஆகிவிட்டது. பிள்ளைகள் பேனாவால் திருத்திக்கொண்டார்கள். சட்ட வகுப்புக்குக் காசு வாங்கிவிட்டுப் பழைய ஜெராக்ஸைக் கொடுப்பது, போன வருட காலண்டரை இந்த வருடம் விற்பது மாதிரி. அந்தத் தொழிலிலேயே இருப்பவன் என்பதால் எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகமாக வருகிறது.

ஆனால் விஷயம் உறைத்திருக்கிறது. ‘உண்மைதானே சொன்னேன்’ என்பது மட்டும் கிரிமினல் அவதூறு வழக்கில் தப்பிக்க வைக்காது, உண்மையாகவும் இருக்க வேண்டும், அதை வெளியிடுவதில் பொது நன்மையும் இருக்க வேண்டும் என்பதை மகள் வீட்டில் வந்து சொன்னபோது எனக்கு அந்த பீரோவும் டீச்சரின் முதுகும்தான் நினைவுக்கு வந்தன. டீச்சர் தூங்கியது உண்மைதான். ஊருக்கு அதனால் என்ன நன்மை?

சார் சொன்ன நக்கீரன் வழக்கும் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கர் தன் வாழ்க்கையை எழுதினார், அதில் அதிகாரிகள் சிலரைப் பற்றியும் இருந்தது, நக்கீரன் அதைப் போடப் போவதாக அறிவித்ததும் சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. 1994இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது இரண்டு: அவதூறு வந்துவிடுமோ என்று பயந்து அரசாங்கம் முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்க முடியாது. அதே சமயம் ஒரு தனிமனிதரின் வீடு, கல்யாணம், குடும்பம் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் எழுதக்கூடாது, பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம், அதிலும் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடக்கூடாது. எழுதும் உரிமையும் ஒளிந்துகொள்ளும் உரிமையும் ஒரே தீர்ப்பில். இதை ஒரு பதினைந்து வயதுப் பெண் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து விளக்குவதைக் கேட்க எனக்குப் பெருமையாகவே இருந்தது, ரசம் ஆறிப்போனது தனி.

வதந்திப் பகுதியில் இரண்டு சம்பவங்களை எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒன்று 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்தது. குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன குடும்பம் வழியில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்திருக்கிறது, பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று வாட்ஸ்அப்பில் அப்போது ஆடியோவும் வீடியோவும் சுற்றிக்கொண்டிருந்த நேரம், ஊர் கூடி அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டது அந்த வருடம் நாடு முழுக்க இப்படி நடந்த பிறகுதான். இன்னொன்று 2023 மார்ச், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பரவிய வீடியோக்கள், அவற்றில் பல வேறு மாநிலங்களில் எப்போதோ நடந்தவை. சார் அந்த மாதிரிப் பழைய படங்கள் நாலைந்தைக் கொடுத்து கூகுள் லென்ஸில் தேடச் சொல்லியிருக்கிறார். இதில் சின்னவன் அக்காவை முந்திவிட்டான். இப்போது வீட்டில் நான் எதை அனுப்பினாலும் லென்ஸில் போட்டுப் பார்த்துவிட்டு “இது 2016 ப்பா” என்று பதில் வருகிறது. குட்மார்னிங் ரோஜாவைக்கூட விடவில்லை.

மூன்றாவது வாரத்துக்கு வருகிறேன். பெற்றோர் இல்லாத வகுப்பு, மேம் நடத்தியது, எனக்குத் தெரிந்ததெல்லாம் மகள் சொல்ல ஒப்புக்கொண்டது மட்டும்.

ஒரு கற்பனைச் சம்பவத்தைச் சொல்லி, அதை ஐந்து வரிச் செய்தியாக எழுதச் சொன்னார்களாம். ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமை. பிள்ளைகள் ஒருவர்கூடப் பெயர் எழுதவில்லை, அது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதற்குப் பதில் ஒன்பதாம் வகுப்பு மாணவி, இன்ன தெரு, அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், பள்ளி கபடி டீமில் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறார்கள். மேம் சிவப்பு மையால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். தெரு போயிற்று. “இந்தத் தெருவுல ஆட்டோ ஓட்டுறவங்க எத்தனை பேருப்பா?” அப்பா போனார். கபடி போயிற்று. வகுப்பு போயிற்று. மகள் அந்தத் தாளை என்னிடம் காட்டினாள், ஐந்து வரியில் மிச்சம் இருந்தது ‘மதுரை மாவட்டத்தில் ஒரு சிறுமி’ என்பது மட்டும். போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இரண்டும் இதைத்தான் சொல்கின்றன. பெயர் மட்டும் இல்லை, முகவரி, பள்ளி, போட்டோ, அடையாளம் காட்டக்கூடிய எதுவும் கூடாது. 74ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு மட்டும் இல்லாமல் தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பிள்ளைக்கும் பொருந்தும், மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட ஆகலாம். பத்திரிகைக்கு மட்டும் இல்லை, குரூப்பில் ஃபார்வர்ட் செய்கிறவருக்கும்தான் என்று மேம் இரண்டு தடவை சொன்னாராம்.

அதற்குப் பிறகு ஒரு பெண் கை தூக்கியிருக்கிறாள். (இதை என்னிடம் சொல்லலாமா என்று மகள் அவளைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னாள், எழுதலாமா என்று நான் மகள் வழியாக மறுபடி கேட்டேன்.) “எனக்குச் சடங்கு வெச்சப்ப எங்க தெரு முனையில பத்தடி பேனர். என் போட்டோ, பேரு, அப்பா பேரு, தேதி எல்லாம் இருந்துச்சு. என்னை யாரும் கேக்கல. ஒரு மாசம் அதைத் தாண்டித்தான் ஸ்கூலுக்குப் போனேன். பசங்க நின்னு படிப்பாங்க. இது எந்தச் செக்‌ஷன்ல வரும் மேம்?”

மேம் உடனே பதில் சொல்லவில்லையாம். ஊரே செய்கிற காரியம், பெற்றவர்களே ஆசையாக வைக்கிறார்கள், இதற்கென்று ஒரு பிரிவை நேராகக் காட்ட முடியாது என்று ஒப்புக்கொண்டாராம். ஆனால் 2017இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் சொன்னது பெரியவர்களுக்கு மட்டும் இல்லை என்றும், சட்டம் வராத இடத்திலும் கேட்டுவிட்டுச் செய்வது ஒன்று இருக்கிறது என்றும் சொல்லி, அன்று மீதி நேரம் முழுக்க அதையே பேசியிருக்கிறார்கள். இருபத்திரண்டு பேரில் பதினொன்று பெண் பிள்ளைகள், அதில் ஏழு பேருக்கு இந்த மாதிரிப் பேனர் கதை உண்டு.

மகள் இதைச் சொல்லி முடித்தபோது நான் ஒன்றும் பேசவில்லை. வருடத்துக்கு இப்படி எத்தனை பேனர் அடிக்கிறேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. முகூர்த்த மாதம் என்றால் வாரத்துக்கு நான்கைந்து தேறும். பட்டுப் புடவையில் தலை குனிந்த பிள்ளை, சுற்றிலும் மாமன்மார் போட்டோ வட்டம் வட்டமாக, கீழே ‘அன்புடன் அழைக்கும்’. என் மகளுக்கு நான் பேனர் வைக்கவில்லை, அவள் அம்மா கூடாது என்றுவிட்டாள். என் பிழைப்புக்கு விளம்பரமாக இருக்குமே என்று அன்று நான் முணுமுணுத்ததும் உண்மை.

வகுப்பின் பெயரை ஏன் போடவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். மதுரையில் இந்த மாதிரி வகுப்பு நடத்துகிறவர்கள் எத்தனை பேர், அதில் பதினொரு பெண் பிள்ளைகள் யார் யார் என்று கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போதும். மகள் என்னிடமே சிவப்பு மையை எடுத்துவிட்டாள். முதல் தடவை நான் எழுதியதில் ட்யூஷன் சென்டர் இருக்கும் ஏரியா, எதிரில் இருக்கும் கடை எல்லாம் இருந்தன.

இந்த வாரத்திலேயே பெரிய குறையும் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையனையும் பதினேழு வயதுப் பிள்ளையையும் ஒரே அறையில் வைத்து போக்சோ நடத்தக் கூடாது. சின்னப் பையன்கள் நாலு பேர் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், என் பையனும் அதில் ஒருவன், பயத்தில் வரும் சிரிப்பு அது. வீட்டுக்கு வந்து ராத்திரி பதினோரு மணிக்கு என் பக்கத்தில் படுத்துக்கொண்டு சில கேள்விகள் கேட்டான், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எட்டாவதுக்குக் கீழே என்றால் சேர்க்காதீர்கள், இல்லை இரண்டு குரூப்பாகப் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் ஒன்று நன்றாகச் செய்தார்கள், பயமுறுத்தியதோடு விடவில்லை. படம் வெளியே போய்விட்டால் என்ன செய்வது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: 1098 என்ற குழந்தைகள் உதவி எண், சைபர் கிரைம் புகார் தளம், பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கான டேக் இட் டவுன் சேவை. அதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, போனிலேயே அதற்கு ஒரு டிஜிட்டல் கைரேகை மாதிரி எடுத்து, சேர்ந்திருக்கும் ஆப்களில் தடுக்கிறார்கள். யார் யாரைத் திட்டுவது என்பதற்கு முன்னால் முதல் வேலை இதுதான் என்று மேம் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது.

இனி கூத்து. மூன்றாவது வாரம் முடிந்த மறுநாள் காலை வகுப்பின் இன்ஸ்டா பக்கத்தில் ஒரு குரூப் போட்டோ. ‘எங்கள் இளம் பத்திரிகையாளர்கள்’. இருபத்திரண்டு முகமும் பளிச்சென்று தெரிகிறது, இரண்டு பையன்கள் பள்ளி டீ ஷர்ட்டில். என்னிடம் யாரும் கேட்கவில்லை, சேர்க்கும்போது கொடுத்த ஃபாரத்திலும் அப்படி ஒரு வரி இல்லை. மகளும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து “சார், இந்த போட்டோவுக்கு எங்ககிட்ட கேட்டீங்களா?” என்று மெசேஜ் போட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் படம் போய்விட்டது. நான்காவது வாரம் பின்வரிசையில் இருந்தேன், சார் எழுந்து, பேப்பரில் போடுவார்களே, அந்த மாதிரி ‘திருத்தம்’ என்று தலைப்பிட்டு எழுதிக்கொண்டு வந்ததை நின்றுகொண்டே வாசித்தார். என்ன செய்தோம், ஏன் தப்பு, இனி என்ன செய்வோம், மூன்றே வரி, சாக்கு எதுவும் இல்லை. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது வரை குழந்தை என்றே வைத்துக்கொண்டு பெற்றோர் சம்மதம் கேட்கிறது என்பதை மேம் சொன்னார், அதோடு “சட்டப்படி அப்பா அம்மா சரின்னா போதும், ஆனா நான் உங்களையும் கேட்பேன்” என்றார். போட்டோவுக்குச் சரி என்று கை தூக்கியது பதினைந்து பேர். ஏழு பேர் தூக்கவில்லை. கடைசியில் எல்லோரும் போர்டைப் பார்த்து உட்கார்ந்திருக்க, பின்னாலிருந்து ஒரு படம் எடுத்தார்கள். அழகாகவே இருந்தது. மன்னிப்பு நேர்மையாக இருந்தது என்பதற்காக நான் மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை, இதைச் சொல்லிக்கொடுக்கத்தானே காசு வாங்குகிறீர்கள்.

நான்காவது வாரம் பிள்ளைகளே ஒரு பேப்பர் தயாரித்தார்கள், ஏ3 தாளில் இரண்டு பக்கம். அதை என் கடையில்தான் அடித்தார்கள், காசு வாங்கிக்கொண்டேன், இதையும் முதல் பத்தியிலேயே போட்டிருக்க வேண்டும் என்று சற்று முன்தான் எனக்குத் திட்டு விழுந்தது. அதில் ஒரு பையன் ஜிகர்தண்டா கடை ரிவியூ எழுதியிருந்தான். கடைக்காரர் அவனுக்கு ஒரு கிளாஸ் ஸ்பெஷல் இலவசமாகக் கொடுத்திருக்கிறார். அதைப் போட வேண்டுமா? “எழுபது ரூபாய்க்கெல்லாமா சார்?” என்றான் அவன். சார் அவனிடம், விளம்பரத் தர கவுன்சில் 2021இல் இன்ஃப்ளூயன்ஸர்களுக்கு விதி போட்டபோது காசுக்கு மட்டும் இல்லை, இலவசப் பொருளுக்கும் சேர்த்துத்தான் போட்டார்கள் என்றார். ஏமாற்று விளம்பரம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முடிவு செய்தால் பத்து லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை. பையன் மிரண்டுபோய் ‘குடித்தது இலவசம்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பிலேயே போட்டுவிட்டான். அந்த பேப்பரில் எல்லோரும் முதலில் படித்தது அதைத்தான்.

இல்லாதவற்றைச் சொல்ல வேண்டும். ஏஐ வைத்து முகத்தை மாற்றும் படங்களைப் பற்றிக் கால் மணி நேரம்கூட இல்லை, பிள்ளைகள் அதில்தான் மூழ்கிக் கிடக்கிறார்கள். ஸ்லைடுகள் முழுக்க ஆங்கிலம், பேச்சு தமிழ், தமிழ் மீடியம் பிள்ளைகள் இரண்டு பேர் ஸ்லைடைப் பார்க்காமலே இருந்தார்கள். வகுப்புக் குரூப்புக்குள் நடக்கும் சண்டை, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கசியவிடுவது, அட்மின் என்ன செய்ய வேண்டும், இதெல்லாம் தொடவே இல்லை. எங்கள் வீட்டில் பிரச்சினை ஆரம்பித்ததே அங்கேதான்.

ஐந்துக்கு மூன்றரை. ஜெராக்ஸை மாற்றி, சின்னவர்களைப் பிரித்து, ஏசியை ரிப்பேர் செய்தால் நான்கு கொடுக்கலாம். அடுத்த பேட்ச் காலாண்டு லீவில் என்றார்கள். வண்டி நிறுத்த இடம் கிடையாது, பஸ்ஸில் போங்கள்.

போன வியாழக்கிழமை ஒருவர் கடைக்கு வந்தார், பழைய கஸ்டமர், மகள் சடங்குக்குப் பேனர். பென்டிரைவில் போட்டோ கொண்டுவந்திருந்தார். “அண்ணே, பிள்ளைகிட்ட கேட்டீங்களா?” என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பதினேழு வருடத்தில் இந்தக் கேள்வியை நான் யாரையும் கேட்டதில்லை, அவருக்கு எப்படிப் புரியும். வெளியே போய் போனில் ரொம்ப நேரம் பேசிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். “போட்டோ வேணாமாம், பேரும் வேணாமாம். பூ டிசைன் மட்டும் போடச் சொல்றா. மாமன்மார் படம் போட்டுக்கலாமான்னு கேட்டேன், அது உங்க இஷ்டம்ட்டா.” பத்துக்கு எட்டு. மாமன்மார் ஒன்பது பேர், நடுவில் ஒரு தாமரை. தாமரை மட்டும் இன்னும் அந்த கூகுள் ஃபோல்டரில் எடுத்ததுதான்.